பதினோராவது பெயருக்கு எதிரே

“டாக்டரம்மாவுக்கு மரகதம் எழுதிக்கொண்டது. இங்கு அனைவரும் நலம். உங்கள் நலமும் குழந்தை நலமும் அறிய ஆவல். நீங்கள் கேட்ட பதினோரு பேரில் பத்துப் பேர் கிடைத்துவிட்டார்கள். விவரம் தனித்தாளில் வைத்திருக்கிறேன். தனலெட்சுமி மட்டும் கிடைக்கவில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன்.”

வெளிநாட்டுக்குப் போகும் மெல்லிய தாள் கடிதம் இது. தேதி எழுத வேண்டிய இடத்தில் ‘ஆடி வெள்ளி’ என்று மட்டும் இருக்கிறது. ஆடியில் வெள்ளிக்கிழமை நான்கு வரும், சில வருடம் ஐந்துகூட வரும். எந்த வெள்ளி, எந்த வருடம் என்று மரகதம் எழுதவில்லை. தபால் முத்திரையில் ஸ்ரீரங்கம் தெளிவாக விழுந்திருக்கிறது. வருடம் இருக்க வேண்டிய இடத்தில் மை அப்பியிருக்கிறது.

கடித ஓரத்தில் ஒரு வரி உண்டு: “கொள்ளிடத்தில் தண்ணீர் வந்துவிட்டது, ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறது.” இந்த வரியையும், குழந்தையை விசாரித்திருப்பதையும் வைத்து இரண்டு வருடங்களுக்குள் இதை அடக்கியிருக்கிறேன். அதற்கு மேல் நெருங்க முடியவில்லை. ஒவ்வொரு துண்டுச் சீட்டிலும் தேதி போட்டுப் பழகிய எனக்கு, என் வாழ்வின் முக்கியமான கடிதம் தேதியில்லாமல் வந்து சேர்ந்தது.

தொடங்குவதற்கு முன் ஒன்று சொல்லிவிட வேண்டும். ஆய்வில் பங்கெடுத்தவர்களை அடையாளம் காட்டக் கூடாது என்பது எங்கள் தொழிலின் கட்டுப்பாடு. அதனால் இந்த அத்தியாயத்தில் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊரின் பெயரையும் சொல்லவில்லை.

தழும்பு இருந்த கை

கொள்ளிடத்துக்கு வடக்கே உள்ள ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் என் முதல் வேலை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் போய் வருவேன். பாலத்தைத் தாண்டும்போது சன்னல் வழியாக வரும் ஈர மணல் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. அதே வாசனை வேறெங்காவது கிடைக்குமா என்று பிற்காலத்தில் பல நாட்டு ஆற்றங்கரைகளில் நின்று பார்த்திருக்கிறேன். கிடைத்ததில்லை.

அங்கே கிராம செவிலியராக இருந்தவர் மரகதம். என்னைவிட நான்கு வயது மூத்தவர், நடையில் என்னைவிட இரண்டு மடங்கு வேகம். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு மாமியார் கடிப்பார் என்று அவருக்குத் தெரியும்.

“டாக்டரம்மா, வாட்சையே பாத்துக்கிட்டு நடக்காதீங்க. கீழ பாருங்க, சாணி.”

“மணி குறிச்சுக்கணும் சிஸ்டர்.”

“சாணியில கால வெச்ச மணியா?”

நாங்கள் ஒரு சிறிய ஆய்வு நடத்திக்கொண்டிருந்தோம். செவிலியர் மாதந்தோறும் வீடு தேடிப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்த்தால் பிறக்கும் குழந்தைக்கு நன்மை உண்டா என்பதுதான் கேள்வி. குழந்தை பிறந்ததும் ஸ்பிரிங் தராசில் பழைய சேலைத் துணியைத் தூளி மாதிரி கட்டி நிறுத்து எழுதுவோம். தூளியில் கிடத்தியதும் எல்லாக் குழந்தையும் ஒரு கணம் அழுகையை நிறுத்தும். அந்தக் கணத்தில் முள்ளைப் படித்துவிட வேண்டும்.

பட்டியலில் இருந்தவர்களில் ஒருத்தி தனலெட்சுமி. பத்தொன்பது வயது, வாய் ஓயாது. அவளுடைய வளைகாப்புக்கு எங்கள் இருவரையும் பிடிவாதமாக அழைத்திருந்தாள். வேப்பங்காப்புப் போட்டு, பிறகு பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்களை அடுக்கினார்கள். இடது மணிக்கட்டுக்கு மேலே ஒரு தீத்தழும்பு இருந்தது. வளையல் ஒவ்வொன்றும் அங்கே வந்து சற்றுத் தயங்கி, பிறகு ஏறியது.

“என்னம்மா இது?” என்று கேட்டேன்.

“ஆறு வயசுல பணியாரச் சட்டிய தூக்கினேன் டாக்டரம்மா. பணியாரத்த விடலை, கையத்தான் விட்டேன்.”

கூடியிருந்த பெண்கள் சிரித்தார்கள். மீதி வளையல்களிலிருந்து இரண்டை எடுத்து அவளே என் கையில் போட்டாள். “அடுத்தது உங்களுக்குத்தான்.”

“இவங்களுக்கு இன்னும் கல்யாணமே ஆகலடி,” என்றார் மரகதம்.

“அதுவும் சேத்துதான் சொல்றேன்.”

புளிச்சோறும் தயிர்ச்சோறும் சாப்பிட்டு எழுந்தபோது அவளுடைய அம்மா அவளை அழைத்துப்போக வண்டியோடு நின்றிருந்தார். தனலெட்சுமி வண்டியில் ஏறி உட்கார்ந்து, திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: “மூணாம் மாசம் புள்ளையோட வருவேன். உங்க தராசுல படுக்க வெச்சுத் தரேன், எழுதிக்குங்க.”

அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

கட்டம் இல்லாத இடம்

அன்று சாயங்காலம் நிலையத்தில் உட்கார்ந்து அவளுடைய படிவத்தை எடுத்தேன். கடைசியாகப் பார்த்த தேதியை எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் ‘ஊரில் இல்லை’ என்று எழுதினேன்.

மரகதம் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். “எந்த ஊருக்குப் போயிருக்கான்னு எழுதலையா?”

“அதுக்குக் கட்டம் இல்லையே சிஸ்டர்.”

“கட்டம் இல்லைன்னா ஓரத்துல எழுதுங்க. பத்து பேரு இப்படிப் போயிருக்காங்க, இவளோட பதினொண்ணு. எல்லாம் தலைப்பிரசவம்.”

“நம்ம ஆய்வு இந்த ஊர்ல பிறக்கிற குழந்தைங்களைப் பத்தி. வெளியூர்ல பிறந்தா நமக்குக் கணக்குல வராது.”

மரகதம் தராசைத் துடைத்து ஆணியில் மாட்டினார். அவர் பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டார் என்று அந்த வயதில் நினைத்துக்கொண்டேன்.

தேதி எழுதினேன்; ஊர் எழுதவில்லை. இந்த வாக்கியத்தை எழுதி முடிக்க எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

சில மாதங்களில் எனக்கும் மரகதத்துக்கும் வேறு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. ஆய்வின் முடிவு நன்றாக வந்தது. எங்கள் குழந்தைகள் நல்ல எடையோடு பிறந்திருந்தார்கள். கட்டுரை வெளியாயிற்று. அதைக் காட்டித்தான் இங்கிலாந்தின் வடக்கே ஓர் ஊரில் பொது சுகாதாரம் படிக்க இடம் கிடைத்தது. நடுவில் கல்யாணமும் ஆயிற்று. தனலெட்சுமியின் வாக்கு பாதி பலித்துவிட்டது என்று மரகதம் ஒரு கடிதத்தில் எழுதினார். அதிலும் தேதி கிடையாது.

நோராவின் கேள்வி

படிப்பு முடிந்து அங்கேயே ஓர் ஆய்வுக் குழுவில் சேர்ந்தேன். ஒரு மருத்துவக் கேள்விக்காக உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைத் தேடிச் சேர்த்து, எது நம்பத் தகுந்தது, எது பதர் என்று புடைத்து எடுப்பது எங்கள் வேலை. ஒவ்வொரு கட்டுரையையும் இரண்டு பேர் தனித்தனியாகப் படிப்போம். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது. முடித்த பிறகுதான் இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவோம். இருவரும் ஒத்துப்போனால் சரி. ஒத்துப்போகாத இடத்தில்தான் உண்மையான வேலை தொடங்கும்.

என்னோடு வேலை பார்த்தவள் நோரா, அயர்லாந்துக்காரி. தேநீரை ஆறவைத்துக் குடிப்பாள், கேள்வியைச் சூடாகக் கேட்பாள்.

கர்ப்பிணிகளை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது பற்றிய ஆய்வுகளைத் தொகுத்தபோது என் கட்டுரையும் பட்டியலில் வந்தது. சொந்தக் கட்டுரையை எழுதியவரே மதிப்பிடக் கூடாது. அதனால் அது நோராவிடமும் இன்னொருவரிடமும் போயிற்று. ஒருநாள் மத்தியானம் அவள் அந்தத் தாளோடு என் மேசைக்கு வந்தாள்.

“தொடக்கத்தில் இருந்தவர்களில் பதினோரு பேர் கடைசியில் இல்லை. எங்கே போனார்கள்?”

“அம்மா வீட்டுக்கு,” என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

“பதினோரு பேருமா?”

“எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். முதல் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவார்கள்.”

நோரா கோப்பையைக் கீழே வைத்தாள். “அப்படியென்றால் உன் ஆய்வில் முதல் பிரசவம் ஒன்றுகூட இல்லையா?”

அவள் கையிலிருந்த தாளை வாங்கி அந்த வரியை மறுபடி படித்தேன்.

முதல் பிரசவத்தில்தான் கவலை அதிகம் என்பது மருத்துவம் படித்தவர்களுக்குப் பால பாடம். ஏற்கெனவே பெற்று வளர்த்த பெண்களை மட்டும் கணக்கில் வைத்துக்கொண்டு, எங்கள் குழந்தைகள் நன்றாக இருக்கிறார்கள் என்று நான் எழுதியிருந்தேன். புருஷன் வீட்டு ஊரில் அந்தப் பதினோரு பேர் ‘ஊரில் இல்லை’. தாய்வீட்டு ஊரில் அவர்கள் பட்டியலிலேயே இல்லை. அவர்களுடைய குழந்தைகளை எந்த ஊரும் எண்ணவில்லை. நான் அந்த ஊர்க்காரி, அந்த வழக்கத்தில் வளர்ந்தவள். வெளியிலிருந்து ஒருவர் வந்து இந்த ஆய்வை நடத்தியிருந்தால், இவர்கள் எல்லோரும் எங்கே போகிறார்கள் என்று முதல் மாதமே வியந்து கேட்டிருப்பார். எனக்கு அது கேட்கத் தோன்றாத அளவுக்குப் பழகியிருந்தது.

நோரா என் வயிற்றைப் பார்த்தாள். எனக்கு அப்போது ஆறாம் மாதம்.

“நீயும் போகிறாயா?” என்று கேட்டாள்.

மஞ்சள் வட்டம்

போகவில்லை.

அம்மா மூன்று கடிதம் எழுதியிருந்தாள். “ஏழாம் மாதமே அகத்துக்கு வந்துவிடு. பெருமாள் கிருபையில் எல்லாம் நல்லபடியாக நடக்கும். உனக்குப் பிடித்த நார்த்தங்காய் போட்டு வைத்திருக்கிறேன்.” வேலை புதிது, ஒப்பந்தம் வருடத்துக்கு வருடம் புதுப்பிக்க வேண்டியது, விடுப்பு எடுத்தால் இடம் போய்விடும் என்று பதில் எழுதினேன். எல்லாமே உண்மையான காரணங்கள்தான்.

பிறகு ஒரு பார்சல் வந்தது. பருத்திப் பஞ்சில் சுற்றிய கண்ணாடி வளையல்கள். பாதிக்கு மேல் உடைந்திருந்தன. உடையாதவற்றை எண்ணினால் ஒற்றைப்படையாக வந்தது. அம்மா ஒற்றைப்படை பார்த்துத்தான் அனுப்பியிருப்பாள், ஆனால் அது வேறு எண்ணாக இருந்திருக்கும். அலுவலகத்துக்குப் போட்டுக்கொண்டு போகக் கூச்சம். வீட்டில் போட்டுக்கொண்டு பாத்திரம் கழுவினேன். அந்தக் குழாயடியில் வளையல் சத்தம் கேட்டபோது எந்த ஊரில் நிற்கிறேன் என்று ஒரு நொடி தெரியாமல் போயிற்று.

மகள் அங்கேதான் பிறந்தாள். அம்மா பேத்தியை முதலில் பார்த்தது போட்டோவில்.

அம்மா காலமான பிறகு ஸ்ரீரங்கம் வீட்டைக் காலி செய்யும்போது அந்த வருடத்து நாட்காட்டி கிடைத்தது. என் ஏழாம் மாதம் தொடங்கும் நாளை மஞ்சள் குழைத்து வட்டம் போட்டிருந்தாள். மற்ற நாள்களுக்கு எதிரே பால், வண்ணான், ஏகாதசி என்று ஏதாவது எழுதியிருந்தது. அந்த வட்டத்துக்கு எதிரே மட்டும் ஒன்றும் இல்லை.

மகள் பிறந்து சில மாதங்களில், மடியில் அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது மரகதத்துக்கு எழுதினேன். பதினோரு பெயரையும் அனுப்பி, “தாய்வீடு போனவர்களுக்கு என்ன ஆயிற்று என்று தேடிச் சொல்ல முடியுமா?” என்று கேட்டேன். மரகதம் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. விடுமுறை நாள்களில் பஸ் ஏறிப் போய்த் தேடினார். ஊர்ப் பெயர்கள் பெரும்பாலும் அவருடைய நினைவிலேயே இருந்தன. என் படிவத்தில் இல்லாத ஓரம் அவருடைய தலைக்குள் இருந்தது.

அவர் அனுப்பிய தனித்தாளில் பத்துப் பெயர்கள். சிலவற்றுக்கு எதிரே குழந்தையின் பெயர். சிலவற்றுக்கு எதிரே ஒரு சிறு கோடு. அந்தக் கோட்டுக்கு என்ன பொருள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். எத்தனை கோடு என்பதை இங்கே எழுதப் போவதில்லை. என் முடிவை மாற்ற அவை போதுமானவை. கட்டுரை வெளியான இதழுக்குத் திருத்தம் எழுதி அனுப்பினேன். அதைச் சின்ன எழுத்தில் ஒரு மூலையில் போட்டார்கள். நோராவின் தொகுப்பில் என் ஆய்வு நிற்கவில்லை. அதன்பின் முப்பது வருடம் எந்த நாட்டு ஆய்வைப் படித்தாலும் நான் முதலில் தேடியது ஒன்றைத்தான்: இல்லாமல் போனவர்கள் எங்கே போனார்கள்?

பதினோராவது பெயருக்கு எதிரே மட்டும் இடம் காலியாகவே இருந்தது. தனலெட்சுமியின் தாய்வீட்டு ஊர் மரகதத்துக்கும் நினைவில்லை. கணவன் வீட்டாரும் அந்த ஊரைவிட்டுப் போய்விட்டார்கள்; மரகதம் தேடிப் போன அன்று எதிர்வீடும் பூட்டியிருந்தது.

இரண்டு பேரும் தனித்தனியாக

ஓய்வு பெற்று ஸ்ரீரங்கத்துக்கே திரும்பிவிட்டேன். அம்மா மண்டபம் சாலையில் வாடகை ஃப்ளாட். இந்த ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை சத்திரம் பஸ் ஸ்டாண்ட் போய், பஸ் மாறி, கே.கே. நகருக்குப் போனேன். மரகதம் அங்கே மகள் சுமதியோடு இருக்கிறார். முழங்கால் வலி. நடை மட்டும்தான் குறைந்திருக்கிறது.

“வாங்க டாக்டரம்மா. சொன்ன நேரத்துக்கு ரெண்டு நிமிஷம் லேட்டு. உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?”

சுமதி காபி கொண்டுவந்து வைத்தாள். “உங்க லெட்டரை எல்லாம் அம்மா ரேஷன் கார்டோட வெச்சிருக்காங்க மேடம். ஒருநாள் கடைக்காரர்கிட்ட கார்டுக்குப் பதிலா உங்க லெட்டரை நீட்டிட்டேன்.”

“சர்க்கரை போட்டாரா?” என்று கேட்டேன்.

நான் பையிலிருந்து அந்தத் தனித்தாளை எடுத்ததும் மரகதம் எழுந்து செருப்பைத் தேடினார். “நானும் அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கேன். ஆட்டோ சொல்லு சுமதி.”

கொள்ளிடத்துக்கு வடக்கே ஊர் அடையாளமே மாறியிருந்தது. தனலெட்சுமி வாழ்ந்த வீட்டின் இடத்தில் செல்போன் ரீசார்ஜ் கடை. எதிர்வீட்டில் அஞ்சலை என்பவரும் அவர் கணவர் சின்னத்தம்பியும் அப்போதிலிருந்து அங்கேயே இருப்பதாகச் சொன்னார்கள். தனலெட்சுமியை ஊரில் தனம் என்றுதான் அழைப்பார்கள்; அந்தப் பெயரைச் சொன்னதும் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள்.

நான் கையமர்த்தினேன். “சிஸ்டர், நீங்க ஐயாவை அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போய்க் கேளுங்க. நான் இவங்களைக் கேக்குறேன். அப்புறம் சேத்துப் பாக்கலாம்.”

“என்னங்க இது, போலீஸ் கேஸா?” என்றார் சின்னத்தம்பி.

“அதைவிடக் கஷ்டம், வாங்க,” என்று மரகதம் அவரை வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனார்.

அஞ்சலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார். “குளித்தலைப் பக்கத்துப் பொண்ணு. பொட்டப்புள்ள பொறந்துச்சு. மூணு மாசத்துல தூக்கிட்டு வந்தா, ஆஸ்பத்திரிக்குப் போயி டாக்டரம்மாகிட்ட காட்டணும்னு நின்னா. நீங்க ரெண்டு பேருமே அப்ப மாத்தலாகிப் போயிட்டீங்க. இப்ப திருப்பூர்ல இருக்காங்க. அந்தப் பொண்ணு நர்சுக்குப் படிச்சிருக்குன்னு கேள்வி.”

அப்போது நான் ஒரு தவறு செய்தேன்.

“அவங்க இடது கையில தீத்தழும்பு இருந்துச்சா?” என்று கேட்டுவிட்டேன்.

“ஆமாங்க,” என்றார் அஞ்சலை. “இருந்துச்சுன்னுதான் நெனைக்கிறேன்.”

என்னிடம் வேலை கற்க வந்த இளைஞர்கள் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் அந்தத் தாளை வாங்கிக் கிழித்திருப்பேன். அடையாளம் ஏதாவது நினைவிருக்கிறதா என்றுதான் கேட்டிருக்க வேண்டும். பதிலை நானே அவர் கையில் கொடுத்துவிட்டுத் திருப்பி வாங்கிக்கொண்டேன். அந்தத் தழும்பு இனி எதற்கும் சாட்சியாகாது.

வேப்பமரத்தடியிலிருந்து மரகதம் மெதுவாக வந்தார். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

“புள்ளையோட வந்தது கீழத்தெரு தனமாம். எதுத்த வீட்டுத் தனம் போனவ திரும்பலையாம். புருஷன்காரன் அங்க போயிட்டு வந்து, வீட்டப் பூட்டிக்கிட்டுப் போனானாம்.”

“இவருக்கு என்ன தெரியும்? இவரு அப்ப லாரியில போயிட்டு இருந்தாரு,” என்று அஞ்சலை குரலை உயர்த்தினார்.

“ஊருல ரெண்டு தனம் இருந்ததே உனக்கு இப்பத்தான் தெரியுது,” என்றார் சின்னத்தம்பி.

அவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே விடைபெற்றோம். போன் நம்பர் வாங்கிக்கொண்டேன். திருப்பூரில் யாருடைய விலாசமும் அவர்களிடம் இல்லை.

திரும்பும் வழியில் பாலத்தில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னோம். கொள்ளிடத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதே ஈர மணல் வாசனை. கைப்பிடிச் சுவரில் தாளை விரித்து வைத்தேன். மரகதம் பறக்காமல் பிடித்துக்கொண்டார்.

“டிக் போடுங்க டாக்டரம்மா.”

“ரெண்டு பேரும் வேற வேற சொல்றாங்களே சிஸ்டர்.”

“மூணாம் மாசம் தூக்கிட்டு வந்து உங்களைத் தேடினான்னு அந்தம்மா சொல்லுது. தனம் உங்ககிட்ட சொன்னதும் அதானே. அது அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்?”

“வண்டியில உக்காந்துக்கிட்டு ஊருக்கே கேக்குற மாதிரிதான் சொன்னா. எதிர்வீட்டுல கேட்டிருக்கலாம்.”

மரகதம் விரலால் அந்தப் பெயரைத் தட்டினார். “அந்தப் பொண்ணுக்கு இப்ப உங்க மக வயசைவிட அஞ்சாறு கூட இருக்கும்.”

“இருந்தா.”

“இருக்குன்னு வெச்சுக்குங்களேன். யாருக்கு நஷ்டம்?”

டிக் போட என் கை ஆசைப்பட்டதுபோல் எதற்கும் ஆசைப்பட்டதில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தேன். இந்த முறை ஊரையும் எழுதினேன். பதினோராவது பெயருக்கு எதிரே இப்போது இப்படி இருக்கிறது:

‘தாய்வீடு: குளித்தலைப் பக்கம், ஊர் தெரியவில்லை. பெண் குழந்தை பிறந்ததாகவும், மூன்றாம் மாதம் தாய் அதைத் தூக்கிக்கொண்டு காட்ட வந்ததாகவும் ஒருவர் சொல்கிறார். இன்னொருவர் மறுக்கிறார். வந்தது இந்தத் தனலெட்சுமிதானா என்பது சரிபார்க்கப்படவில்லை.’

கீழே தேதி போடப் போனேன். மரகதம் பென்சிலை வாங்கி, அவரே எழுதினார்: ஆடி வெள்ளி.